ஹோமுக்குக் கொடுப்பதா, வீட்டுக்குக் கொடுப்பதா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மாதம் 150 வெள்ளி ஒதுக்க முடியும், அது ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், ஊரில் தெரிந்த குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு அனுப்புவதா, விளம்பரங்களில் வருவது போல மாதாமாதம் பணம் கட்டி ஒரு குழந்தையை ஸ்பான்சர் செய்வதா, அப்புறம் மகள் பள்ளி விடுமுறையில் கம்போடியாவில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

பதினோரு வருடமாகக் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் வீடு வீடாகப் போய் அறிக்கை எழுதும் வேலை. அந்த அனுபவத்தில் நேராகச் சொல்கிறேன். இல்லத்துக்குக் கொடுப்பதைவிட, குழந்தை இல்லத்துக்குப் போகாமல் தடுப்பதற்குக் கொடுங்கள். ஸ்பான்சர் செய்யலாம், ஆனால் குழந்தை வீட்டில் இருந்துகொண்டே உதவி பெறுவதாக இருக்க வேண்டும். மகளைக் கம்போடியாவுக்கு அனுப்புங்கள், அனாதை இல்லத்துக்கு அனுப்பாதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனாதை என்ற சொல். யாருமே இல்லாத குழந்தை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்தாலே அந்தக் குழந்தை அனாதை. 2015இல் உலகம் முழுவதும் 14 கோடி என்று சொன்னார்களே, அதில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் ஒன்றரைக் கோடி மட்டும்தான். மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், பெரும்பாலும் அம்மா. உலக அளவில் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் என்ற தொண்டு அமைப்பு 2009இலேயே எழுதிவிட்டது.

நம் நாட்டில் இதைக் கொரோனா அப்பட்டமாகக் காட்டியது. ஊரடங்கின்போது, முடிந்த குழந்தைகளையெல்லாம் இல்லங்களிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு இது: நாடு முழுவதும் இல்லங்களில் இருந்தவர்கள் 2,27,518 பேர், அவர்களில் 1,45,788 பேர் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்திருக்கிறது! அந்த எண்ணை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தனை வருடம் நாங்கள் கோப்புகளில் என்னதான் எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதே உத்தரவில் நீதிமன்றம், வீடு திரும்பிய குழந்தைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

வீடு இருந்தும் ஏன் ஹோமுக்கு வருகிறார்கள்? ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் எந்த இல்லத்தின் வாசலிலாவது போய் நில்லுங்கள், தெரிந்துவிடும். அப்படி ஒரு ஜூனில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் இல்லத்தின் அலுவலக அறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. கையில் புது தகரப்பெட்டி, அதற்குள் இரண்டு எவர்சில்வர் தட்டு, இரண்டு டம்ளர். தட்டைத் திருப்பிக் காட்டினார், அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பெயர் எழுதியிருந்தது, மற்ற பிள்ளைகளுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று. முந்தின இரவு பெண்தான் எழுதினாளாம். பையனுடைய பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட, மேலே சின்னதாக எழுதிச் சேர்த்திருந்தாள்.

கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்த இடத்தில் இறந்துபோய் ஒன்றரை வருடம். இவரும் அங்கேயே சித்தாள் வேலைக்குப் போகிறார். ஊரில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகள்மேல் உயிராக இருப்பவர்தான், ஆனால் இரண்டு கண்ணிலும் புரை, அடுப்புப் பக்கம் விடவே பயமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான் காரணம். அடித்துத் துன்புறுத்தும் வீடு இல்லை, பிள்ளைகளை வேண்டாம் என்று தள்ளிவிட்ட தாயும் இல்லை. மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கண் தெரிகிற ஒரு பெரியவர் வேண்டும், மாதம் மூன்று நான்காயிரம் வேண்டும். அந்த இரண்டு இல்லாததால் இரண்டு பிள்ளைகள் பத்து வருடம் ஹோமில் வளர இருந்தார்கள்.

இந்த மாதிரிக் குடும்பத்துக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஏழ்மையை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு, கணவரை இழந்த அல்லது கணவர் கைவிட்ட தாய், தீராத நோயில் இருக்கும் பெற்றோர், பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரும் உடல்நிலை போன்ற காரணங்களால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பாடு இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து கிடைத்தால் ஒரு கிராமத்து வீடு ஓடிவிடும், சத்தியமாக ஓடிவிடும்.

கிடைப்பதற்குள்தான் பிள்ளை ஹோமுக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு விதவைச் சான்று வேண்டும், அதற்குக் கணவரின் இறப்புச் சான்று வேண்டும், அவர் இறந்தது பெங்களூரில், இறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டியதும் அங்கேதான், ஒன்றரை வருடமாகப் பதிவே ஆகாமல் கிடந்தது. எந்த மருத்துவமனையில் இறந்தார், எந்தக் காவல் நிலையத்தில் எழுதினார்கள் என்று தேடிக் காகிதம் வாங்க மூன்று முறை போய் வந்தார். பிறகு வருமானச் சான்று, அப்புறம் பள்ளியில் படிப்புச் சான்று, குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதாரில் ஒரு மாதிரி குடும்ப அட்டையில் ஒரு மாதிரி இருக்கும் பெயரைத் திருத்துவது. இ-சேவை மையத்தில் கட்டணம் அறுபது ரூபாய்தான், ஆனால் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது, நாலு நாள் வராத சித்தாளை மேஸ்திரி வேறு ஆள் வைத்து மாற்றிவிடுகிறார். பிறகு மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், குழந்தைகள் நலக்குழு பார்த்து, ஒப்புதல் ஆகி, முதல் தவணை கணக்கில் விழ இன்னும் சில மாதம். இவருக்கு மொத்தம் ஒன்பது மாதம் ஆனது. ஒன்பது மாதம் எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

அந்த இடைவெளியில்தான் உங்கள் 150 வெள்ளி போய் உட்கார வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். இந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை, ஒன்பது மாதமும் மாதம் ஐயாயிரம், பெங்களூர் போய் வந்த செலவு, போன நாட்களின் கூலி. மாமியாருக்குக் கண் அறுவை இலவசமாகவே நடந்தது, கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேவைப்பட்டது. ஒரு கண் முடிந்து கட்டு அவிழ்த்த பிறகு அந்தப் பாட்டி முதலில் கேட்டது பையனின் பல் எப்போது விழுந்தது என்று. அப்புறம் அடுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அம்மாவும் பெங்களூரை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரிலேயே வேலைக்குப் போகிறார், கூலி குறைவுதான், ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

ஹோமிலும் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார்கள், மூன்று வேளை சாப்பாடு, படிப்பு, யூனிஃபார்ம் என்று கேட்பீர்கள். நல்ல இல்லங்கள் இருக்கின்றன, ராத்திரி காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயாக்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஷிப்ட் முடிந்தால் அவர்கள் போக வேண்டும், சம்பளம் போதாமல் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளை மறுபடி புது முகத்தோடு பழக வேண்டும். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப்பட்ட நிறுவனங்களில் இருந்தார்கள். அங்கே புகாரெஸ்ட் நகரில் 2000ஐ ஒட்டி ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் மனிதர்களோடு ஒட்டுதலும் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாக இருந்தன, அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் கூடுதல். சோறும் படுக்கையும் கொடுத்துவிடலாம், இவள் என் பிள்ளை என்று நினைக்கிற ஒரே ஆள் நாளைக்கும் இருப்பார் என்பதை எந்த நிறுவனத்தாலும் அவ்வளவு எளிதில் கொடுக்க முடியாது.

பிறந்தநாளுக்கு இல்லத்துக்குச் சாப்பாடு போடும் வழக்கம் நம்மிடம் உண்டு, நல்ல மனதோடு செய்கிறார்கள். நீங்களும் போயிருக்கலாம். உள்ளே நுழைந்ததும் நாலு வயதுப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், தூக்கச் சொல்லும், போகாதீர்கள் என்று அழும். எவ்வளவு பாசம் என்று நமக்குக் கண் கலங்கும். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு நாலு வயதுப் பிள்ளை தெரியாத ஆள் வந்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால்தானே ஒளிந்துகொள்ளும்? முன்பின் தெரியாதவர்மேல் இப்படித் தாவி ஏறுவது, நிலையான ஓர் ஆள் கிடைக்காத பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் ஒன்று. கேசரித் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, போட்டோவுக்குச் சிரித்து முடித்த பிறகு ஒரு பையன் என்னிடம், “அண்ணா, இன்னிக்கு இன்னொருத்தர் வருவாங்களா?” என்று கேட்டான். அன்று அது இரண்டாவது பிறந்தநாள்.

இப்போது கம்போடியா. அங்கே 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து வருடத்தில் பெரிய போர் எதுவும் இல்லை, அனாதைகள் பெருகவும் இல்லை, பெருகியது சுற்றுலா. இல்லங்களில் இருந்த நான்கு குழந்தைகளில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். அங்கோர் வாட் பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் பிள்ளைகளோடு கழித்துப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பணம் வருவதால் இல்லம் திறக்கிறார்கள், இல்லத்தை நிரப்ப ஆள் கிராமத்துக்குப் போய் உன் பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று ஏழைத் தாயிடம் சொல்கிறான். நேபாளத்திலும் இதேதான், 75 மாவட்டங்கள் இருந்த காலத்தில் பதிவான குழந்தைகள் இல்லங்களில் சுமார் 90 சதவீதம் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன. ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து, உள்நாட்டுப் போர் நடந்த வருடங்களில், பாதுகாப்பும் படிப்பும் தருகிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு தரகர்கள் பிள்ளைகளை இறக்கிக் கொண்டுவந்தார்கள். உண்மையான தேவை இருக்கும் இடத்தில் இல்லம் இல்லை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் அது யாருக்காகக் கட்டியது?

இதனால்தான் 2018இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, லாபத்துக்காகக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் அதன் பார்வைக்குள் கொண்டுவந்தது. கம்போடிய அரசும் விழித்துக்கொண்டு, இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று 2016இல் இலக்கு வைத்தது.

சேர்ப்பது என்றால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவது இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ருவாண்டாவை நான் மதிப்பது இதற்காகத்தான். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு இல்லங்கள் நிறைந்து கிடந்த நாடு அது. 2012இல் எண்ணிப் பார்த்தபோது 33 இல்லங்களில் 3,323 பேர் இருந்தார்கள். குழந்தைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம் என்பதையே தங்கள் மொழியில் திட்டத்தின் பெயராக வைத்து, சமூகப் பணியாளர்களையும் உளவியல் பணியாளர்களையும் நியமித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் உறவைத் தேடி, உறவு இல்லாதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடி, போன பிறகும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். பார்க்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரடங்கு காலமே சாட்சி, வீடு திரும்பிய பெண் பிள்ளைகளில் சிலருக்குப் பதினாறு வயதில் கல்யாணம் முடிந்திருந்ததை வீடு பார்க்கப் போனபோதுதான் நான் தெரிந்துகொண்டேன். அடிக்கிற அப்பா, தப்பாக நடக்கிற மாமா இருக்கிற வீட்டுக்குத் திருப்பி அனுப்பவே கூடாது, அந்தப் பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும், நல்ல இல்லம் வேண்டும்.

ஸ்பான்சர் செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கம்பேஷன் என்ற அமைப்பின் திட்டத்தை இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. சிறு வயதில் ஸ்பான்சர் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஓர் ஆண்டுக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரை, கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருந்தபடியே உதவி பெற்றவர்கள். எனக்கு இதில் உள்ள ஒரே வருத்தம், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கடிதமும் பரிசும் வருவது, பக்கத்தில் நிற்கும் தம்பியின் முகத்தை ஒரு முறை பார்த்தால் போதும். அதனால் பணம் குடும்பத்துக்கோ ஊருக்கோ போய்ச் சேர்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். வேறு நாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால், நேரடியாகக் குடும்பத்தின் கையில் பணம் கொடுக்கும் அமைப்புகளைப் பாருங்கள். கென்யாவில் அரசே 2004 முதல் அனாதைக் குழந்தைகளை வளர்க்கும் வீடுகளுக்கு ரொக்கம் கொடுக்கத் தொடங்கியது, எய்ட்ஸில் மகனையும் மருமகளையும் இழந்த பாட்டிகள்தான் அங்கே ஊர் ஊராகப் பேரப்பிள்ளைகளை வளர்த்தவர்கள். கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு, நான் வீடு பார்த்த குடும்பங்களில் முதல் தவணை பெரும்பாலும் மளிகைக் கடன் அடைக்கவும் செருப்பு வாங்கவும்தான் போனது.

ஊருக்குக் கொடுப்பதாக இருந்தால், உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் வரும், அப்போது அதற்கான அனுமதி உள்ள அமைப்புக்குத்தான் அனுப்ப முடியும். தெரிந்த இல்லத்தைத் திடீரென்று கைவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள். போன் செய்து பேசுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், பதிவில்லாமல் நடத்துவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், திரும்பியவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால், என் பணத்தை அந்தப் பார்க்கப் போகிற ஆளின் சம்பளத்துக்கும் பஸ் செலவுக்கும் வையுங்கள் என்று சொல்லுங்கள். கட்டடத்துக்கும் டிவிக்கும் கொடுக்க நூறு பேர் வருவார்கள், சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை. நான் பார்த்த நல்ல பணியாளர்கள் பலரும் போனது பணம் போதாமல்தான்.

மகளிடம், உன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புது ஆட்கள் வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் நாங்கள் விடுவோமா என்று கேட்டுப் பாருங்கள், பிளஸ் டூ வயதில் அவளுக்கே புரியும். கம்போடியா போகட்டும், அங்கோர் பார்க்கட்டும், உள்ளூர்க்காரர்கள் நடத்தும் விடுதியில் தங்கி அவர்கள் கடையில் சாப்பிடட்டும், அந்தக் காசு யாரோ ஒரு அம்மாவின் சம்பளமாகப் போகும். குழந்தைகளுக்காகவே ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால், டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் என்னோடு அனுப்புங்கள். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கவும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கவும், எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.